கத்திக்கு முன் ஓர் ஊசி போதும்!

அரியாங்குப்பத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் குடலிறக்க அறுவைசிகிச்சை செய்தேன். தளர்ந்துபோன வயிற்றுச் சுவருக்குத் தாங்கலாக வலை வைத்துத் தைக்கும் வழக்கமான சிகிச்சைதான். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ‘பாதுகாப்புக்காக’ இரண்டு வகை ஆன்டிபயாட்டிக் ஊசிகளை ஐந்து நாட்களுக்கு எழுதினேன். வீடு திரும்பும்போது மேலும் ஐந்து நாட்களுக்கு மாத்திரை கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள், சீழ் வடியும் தையலோடு அவர் திரும்பி வந்தார். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். நான் கொடுத்த இரண்டு மருந்துகளுக்குமே கட்டுப்படாத கிருமி அதில் வளர்ந்திருந்தது. கடைசியில் வைத்த வலையையே அகற்ற வேண்டியதாயிற்று. எட்டு மாதங்கள் அவர் சாரம் ஏறவில்லை.

“அஞ்சு நாளும் வேளை தவறாம ஊசி போட்டாங்களே டாக்டர், அப்புறம் எப்படிச் சீழ் வச்சுது?” என்று அவர் கேட்டார். அதில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையான திகைப்புதான் இருந்தது. எனக்கும் அதே திகைப்பு. அன்றிரவு அவருடைய கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். முதல் ஊசி காலை ஆறு மணிக்கு வார்டில் போடப்பட்டிருந்தது. நான் கத்தியை எடுத்ததோ பதினொன்றரை மணிக்கு. அவருக்கு முன்னால் இருந்தவரின் அறுவைசிகிச்சை நீண்டுபோனதால் இவருடைய முறை தள்ளிப்போயிருந்தது. ஐந்தரை மணி நேரத்தில் அந்த மருந்தின் பெரும்பகுதி உடலை விட்டு வெளியேறியிருக்கும். பத்து நாட்கள் மருந்து கொடுத்த நான், மருந்து உண்மையில் தேவைப்பட்ட அந்த ஒரு மணி நேரத்தில் அதைக் கொடுக்கத் தவறியிருந்தேன்.

அந்தத் தவறு மட்டுமே சீழுக்குக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சிலருக்குத் தொற்று வரத்தான் செய்யும். ஆனால், அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அறுவைசிகிச்சைக்கு முன்பும் பின்பும் நம் மருத்துவமனைகளில் பழக்கத்தின் பெயரால் போடப்படும் ஊசிகளைப் பற்றி இங்கே எழுதத் தூண்டுவதும் அந்தக் கேள்விதான்.

காக்கும் மருந்து, தீர்க்கும் மருந்து

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை மருத்துவர்கள் இரண்டு நோக்கங்களுக்காகத் தருகிறோம். வந்துவிட்ட தொற்றைத் தீர்ப்பது ஒன்று. வரக்கூடிய தொற்றைத் தடுப்பது மற்றொன்று. நிமோனியாவுக்கும் வெடித்துச் சீழ்கட்டிய குடல்வாலுக்கும் தருவது தீர்க்கும் மருந்து. அதை உரிய நாட்கள்வரை முழுமையாகத் தர வேண்டும். தொற்று ஏதும் இல்லாதவருக்கு அறுவைசிகிச்சையை முன்னிட்டுத் தருவது தடுப்பு மருந்து. முன்னதன் விதிகள் வேறு, பின்னதன் விதிகள் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

தடுப்பு மருந்து எப்படி வேலை செய்கிறது? நம் தோலில் எப்போதும் கிருமிகள் குடியிருக்கின்றன. எவ்வளவு தூய்மை செய்தாலும் மயிர்க்கால்களுக்குள் இருப்பவை முற்றிலும் அழிவதில்லை. கத்தி தோலைத் திறக்கும் கணத்தில் அவற்றில் சில உள்ளே இறங்குகின்றன. அந்தக் கணத்தில் அங்குள்ள இரத்தத்திலும் திசுவிலும் போதிய மருந்து இருந்தால், அவை பெருகுவதற்கு முன்பே அழிந்துவிடும். தையல் போட்டு முடித்து, இரத்தம் உறைந்து, காயத்தின் விளிம்புகள் ஒட்டத் தொடங்கிவிட்டால், பின்னால் வரும் மருந்துக்கு அங்கே அதிகம் வேலை இல்லை. வெள்ளம் வருவதற்கு முன்பு கரையை உயர்த்துவதுதான் தடுப்பு. ஊருக்குள் நீர் புகுந்த பிறகு ஐந்து நாட்கள் மண் கொட்டுவதால் என்ன பயன்?

இது ஊகமன்று. 1961இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் பர்க் கினிப் பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் மருந்து கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழைவதற்கு முன்பே மருந்து உடலில் இருந்தபோது அதிகப் பயன் கிடைத்தது. நேரம் செல்லச்செல்ல பயன் குறைந்து, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு மருந்து கொடுத்தும் கொடுக்காததுபோல் ஆயிற்று.

மனிதர்களில் இதை உறுதிசெய்த ஆய்வு, 1992இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2,847 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். கத்தி படுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6% பேருக்கே காயத்தில் தொற்று வந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் முன்னதாகவே பெற்றவர்களில் அது 3.8%. அறுவைசிகிச்சை தொடங்கி மூன்று மணி நேரம் கழித்துப் பெற்றவர்களில் 3.3%. முந்திப் போட்டாலும் பிந்திப் போட்டாலும் தொற்று ஐந்தாறு மடங்கு அதிகம். என் கொத்தனாரின் காலை ஆறு மணி ஊசி, இந்தக் கணக்கில் முதல் வகைத் தவறு.

விதி எளிது, வழக்கம் வேறு

இன்று உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ள விதிகள் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். தேவைப்படும் அறுவைசிகிச்சைக்கு மட்டும் மருந்து. அந்த அறுவைசிகிச்சையில் எதிர்பார்க்கப்படும் கிருமிக்கேற்ற, இயன்றவரை எளிய மருந்து. கத்தி படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முதல் தவணை. அறுவைசிகிச்சை நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ, ஒன்றரை லிட்டருக்கு மேல் இரத்தம் இழந்தாலோ, செஃபசோலின் போன்ற மருந்துகளுக்கு மறுதவணை. தையல் போட்டு முடித்தபின் நிறுத்திவிட வேண்டும். மத்திய அரசின் தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2016இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியும் ஒற்றைத் தவணையையே பரிந்துரைக்கிறது. இதய அறுவைசிகிச்சை போன்றவற்றுக்கு மட்டும் சிறிது விலக்கு அளிக்கிறது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, அறுவைசிகிச்சை முடிந்த பின்னர்த் தடுப்பு மருந்தைத் தொடர வேண்டாம் என்று திட்டவட்டமாகக் கூறியது.

நடைமுறை எப்படி இருக்கிறது? தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை நாட்டின் 20 உயர்நிலை மருத்துவமனைகளில் கணக்கெடுப்பு நடத்தியது. 9,652 உள்நோயாளிகளில் 71.9% பேர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெற்றுக்கொண்டிருந்தனர். அந்த மருந்துச் சீட்டுகளில் 55%, தொற்றைத் தீர்ப்பதற்காக அல்ல, தடுப்பதற்காக எழுதப்பட்டவை. இன்ன கிருமி என்று பரிசோதனையில் கண்டறிந்து அதற்கேற்ப எழுதப்பட்டவை ஏறத்தாழ 6% மட்டுமே. நம் பெரிய மருத்துவமனைகளில் செலவாகும் இம்மருந்துகளில் பாதிக்கும் மேல், இல்லாத நோயை எதிர்த்துச் செலவாகிறது. அதில் தேவையானதும் உண்டு. ஆனால், ஒரு தவணை என்பது ஐந்து நாட்களாக நீளும்போது தேவை முடிந்து பழக்கம் தொடங்கிவிடுகிறது.

‘கூடுதலாகக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?’

மருத்துவர்களும் நோயாளிகளும் சேர்ந்தே கேட்கும் கேள்வி இது. நானும் கேட்டவன்தான். பயன் இல்லாவிட்டாலும் கேடு இல்லை என்ற நம்பிக்கையில்தான் ஐந்து நாட்கள் எழுதினேன். அந்த நம்பிக்கை தவறு.

முதலில் பயனைப் பார்ப்போம். 2020இல் ‘லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ இதழ், 19,273 பேர் பங்கேற்ற 52 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. தடுப்பு மருந்தை அறுவைசிகிச்சைக்குப் பின்னும் தொடர்ந்தவர்களுக்கும் நிறுத்தியவர்களுக்கும் இடையே, மற்ற விதிகள் ஒழுங்காகப் பின்பற்றப்பட்ட இடங்களில், காயத்தொற்றில் வேறுபாடு காணப்படவில்லை.

அடுத்து, கேடு. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 79,058 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், மருந்து நீண்ட ஒவ்வொரு நாளும் சிறுநீரகப் பாதிப்பும் ‘டிஃபிசைல்’ என்ற கிருமியால் வரும் கடும் வயிற்றுப்போக்கும் கூடிக்கொண்டே போயின; காயத்தொற்று மட்டும் குறையவில்லை. குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை மருந்து அழித்துவிட, அந்த வெற்றிடத்தில் கெட்டவை குடியேறுகின்றன என்பதே இதன் பொருள்.

மூன்றாவது கேடு ஒருவரின் உடலோடு நிற்பதில்லை. ஐந்து நாள் மருந்தைத் தாக்குப்பிடித்து உயிர்வாழும் கிருமிகள் எவை? அந்த மருந்தை வெல்லத் தெரிந்தவை மட்டுமே. அவை அந்த நோயாளியின் தோலிலும் குடலிலும் தங்கி, பக்கத்துக் கட்டிலுக்கும் செவிலியரின் கைக்கும் பின்னர் வீட்டுக்கும் பரவுகின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியத் தொற்றுகளால் நேரடியாக இறந்தனர் என்று 2022இல் ‘லான்செட்’ வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார். எண்பது ஆண்டுகளாக நம் காதில் விழுந்துகொண்டிருக்கும் எச்சரிக்கை இது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இம்மருந்துகள் வலுவிழந்தால் முதலில் பாதிக்கப்படப்போவது அறுவைசிகிச்சைதான். மூட்டு மாற்று, இதய அறுவை, சிசேரியன், புற்றுக்கட்டி நீக்கம் ஆகிய எல்லாமே, காயத்தில் தொற்று வராது, வந்தாலும் மருந்து கேட்கும் என்ற நம்பிக்கையின் மீது நிற்பவை. நாம் உட்கார்ந்திருக்கும் கிளையை நாமே அரிந்துகொண்டிருக்கிறோம்.

தவளக்குப்பம் தரும் பாடம்

சரியான தடுப்பு மருந்து என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய மருத்துவமனையின் கிளை அது.

கண்புரை அறுவைசிகிச்சைக்குப் பின் கண்ணின் உட்புறத்தில் தொற்று வருவது அரிது. வந்தால் பார்வையே போய்விடக்கூடும். இதைத் தடுக்க அரவிந்த் மருத்துவர்கள், அறுவைசிகிச்சையின் முடிவில் மாக்சிஃபுளாக்சசின் மருந்தின் ஒரு சிறு அளவைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினார்கள். பத்து மருத்துவமனைகளில் 29 மாதங்களில் நடந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைசிகிச்சைகளின் முடிவுகளை 2017இல் வெளியிட்டார்கள். அந்த ஊசி இல்லாதபோது பத்தாயிரம் கண்களில் ஏழில் தொற்று வந்தது. ஊசி போடத் தொடங்கியபின் அது இரண்டாகக் குறைந்தது.

பத்தாயிரத்தில் ஐந்து என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கண்புரை அறுவைசிகிச்சை நடக்கும் நாட்டில் அது எத்தனை பேரின் பார்வை என்று கணக்கிட்டால் அதன் பெருமை விளங்கும். மேற்சொன்ன ‘கத்திக்கு முன்’ என்ற விதிக்குக் கண் ஒரு விலக்கு. இங்கே மருந்து இறுதியில், நேரடியாக உரிய இடத்திலேயே வைக்கப்படுகிறது. ஆனால், அடிப்படை ஒன்றுதான்: சரியான மருந்து, சரியான இடம், சரியான நேரம், ஒரே தவணை. இன்னொரு பாடமும் உண்டு. தொற்று வந்த ஒவ்வொரு கண்ணையும் அவர்கள் எண்ணி வைத்திருந்தார்கள். எண்ணியதால்தான் குறைக்க முடிந்தது.

ஏன் மாற மறுக்கிறோம்?

விதி தெரியாததால் மருத்துவர்கள் தவறு செய்வதில்லை. என் அனுபவத்தில் காரணங்கள் வேறு.

முதல் காரணம், அச்சம். காயம் சீழ்பிடித்தால், “ஏன் மருந்து கொடுக்கவில்லை?” என்று கேட்பார்கள். சிறுநீரகம் பாதித்தால், “ஏன் மருந்து கொடுத்தீர்கள்?” என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளிக்கு அது தேவையான பாதுகாப்பு. ஆனால், அதன் நிழலில் மருந்துச் சீட்டு ஒரு தற்காப்பு ஆவணமாகவும் மாறிவிட்டது.

இரண்டாவது, “நம் ஊர் வேறு” என்ற வாதம். வெயில், வியர்வை, நெருக்கடியான வார்டு, உடன் வரும் பத்து உறவினர்கள். மேலை நாட்டு விதி இங்கே செல்லுமா என்கிறார்கள். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் அறுவைசிகிச்சை செய்துகொள்வோரில் 11% பேருக்குத் தொற்று வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால், நெருக்கடியான வார்டுக்கு மருந்து, இடைவெளி விட்டுப் போட்ட கட்டிலும் கழுவிய கையும்தான். ஊசியால் வார்டைச் சுத்தம் செய்ய முடியாது. போதாக்குறைக்கு, கடுமையான கிருமிகள் உலவும் வார்டில் ஐந்து நாட்கள் மருந்து கொடுப்பது, அந்தக் கிருமிகளுக்கு நோயாளியின் உடலில் இடம் ஒதுக்கிக் கொடுப்பதாகும்.

மருந்தில்லாத வழிகளுக்கும் சான்று இருக்கிறது. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 13,301 நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், வயிற்றை மூடித் தைப்பதற்கு முன் கையுறைகளையும் கருவிகளையும் புதிதாக மாற்றியதால் மட்டும் தொற்று 18.9 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது.

மூன்றாவது, யாருடைய வேலை என்ற தெளிவின்மை. அறுவை மருத்துவர் எழுதுகிறார். வார்டு செவிலியர் போடுகிறார். மயக்க மருத்துவர் போட்டிருப்பார்கள் என்று நம்புகிறார். அரங்கிலிருந்து அழைப்பு எப்போது வரும் என்று வார்டுக்குத் தெரியாது. எனவே காலையிலேயே போட்டுவிடுகிறார்கள். என் நோயாளிக்கு நடந்தது அதுதான். அந்தச் செவிலியர் மீது பிழையில்லை. அப்படி நடக்குமாறு ஏற்பாடு செய்திருந்த எங்கள் முறையில்தான் பிழை.

நான்காவது, மருந்தின் தேர்வு. பெரும்பாலான அறுவைசிகிச்சைகளுக்குப் பொருத்தமான செஃபசோலின் பழைய மருந்து. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருப்பது. ஆனால் அதைவிடப் பரந்த வீச்சுள்ள, உலக சுகாதார நிறுவனம் ‘கண்காணிப்புக்குரியது’ என்று வகைப்படுத்தியுள்ள செஃப்ட்ரியாக்சோன்தான் பல அரங்குகளில் கைக்கு முதலில் எட்டுகிறது. ஈயை அடிக்கக் கடப்பாரை எதற்கு?

செய்ய வேண்டியவை

இந்த நகரத்துக்கு மருத்துவ மரபு புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியில் 1823இலேயே இங்கு மருத்துவப் பள்ளி தோன்றியது. அதன் வழித்தோன்றல் 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மராக உருவெடுத்தது. லூயி பாஸ்டர் 1878இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் நின்று, காயத்தில் சீழை உண்டாக்குவது கிருமிகளே என்று அறுவை மருத்துவர்களிடம் வாதிட்டபோது, புதுச்சேரியின் மருத்துவப் பள்ளிக்கு வயது ஐம்பத்தைந்து. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைக் கண்காணிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் ஏற்படுத்திய வலையமைப்பின் முதன்மை மையங்களில் ஜிப்மரும் ஒன்று. விழுப்புரம், கடலூர், திண்டிவனம் என்று சுற்றியுள்ள தமிழக ஊர்களிலிருந்தும் மக்கள் சிகிச்சைக்காக நாடி வரும் ஊர் இது. இங்கே ஒரு நல்ல வழக்கம் வேரூன்றினால் அது மாநில எல்லையைத் தாண்டிப் போகும்.

செய்ய வேண்டியது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. தடுப்பு ஊசியை வார்டில் போடுவதை நிறுத்தி, அறுவை அரங்கிலேயே, மயக்க மருத்துவரின் பொறுப்பில் போட வேண்டும். அப்போது அறுவைசிகிச்சை எத்தனை மணிக்குத் தள்ளிப்போனாலும் மருந்து அதனுடனேயே நகரும். 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி படுமுன் அனைவரும் ஒரு கணம் நின்று கேட்க வேண்டிய கேள்விகளுள், “கடந்த ஒரு மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டதா?” என்பதும் ஒன்று. இந்திய வம்சாவளி அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே முன்னின்று உருவாக்கிய அந்தப் பட்டியலைப் புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் பரிசோதித்தபோது, அறுவைசிகிச்சை மரணங்கள் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தன. பல மருத்துவமனைகளில் இந்தப் பட்டியல் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்கப்படாமல், கடைசியில் மொத்தமாக ‘டிக்’ போடப்படும் காகிதமாக அது ஆகிவிடக் கூடாது.

அடுத்து, நிறுத்தும் முறை. தொடங்குவதற்கு மருத்துவரின் கையெழுத்து தேவைப்படுகிறது. நிறுத்துவதற்கும் அதுவே தேவைப்படுகிறது. இதைத் தலைகீழாக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் தடுப்பு மருந்து தானாக நின்றுவிட வேண்டும். தொடர விரும்பும் மருத்துவர், காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மருந்து எழுதும்போது அதன் காரணத்தையும் குறிப்பிடுமாறு மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. அதன் இயல்பான அடுத்த படி இது.

மூன்றாவது, எண்ணுவது. நோயாளி வீடு சென்ற பிறகுதான் பெரும்பாலான காயத்தொற்றுகள் வெளிப்படுகின்றன. முப்பது நாட்கள்வரை, வலை, உலோகத்தகடு, செயற்கை மூட்டு வைத்தவர்களுக்குத் தொண்ணூறு நாட்கள்வரை, தொலைபேசியில் விசாரித்துக் குறித்துவைக்க ஒரு செவிலியரும் ஒரு பதிவேடும் போதும். எத்தனை பேருக்கு உரிய நேரத்தில் ஊசி போடப்பட்டது, எத்தனை பேருக்கு உரிய நேரத்தில் நிறுத்தப்பட்டது, எத்தனை பேருக்குத் தொற்று வந்தது ஆகிய மூன்று எண்களை மாதந்தோறும் அரங்கின் சுவரில் ஒட்ட வேண்டும். யாரையும் தண்டிக்க வேண்டியதில்லை. தன் எண்ணைப் பார்த்தபின் தன்னைத் திருத்திக்கொள்ளாத அறுவை மருத்துவரை நான் அதிகம் கண்டதில்லை.

அரசின் பங்கு, மருந்துக் கொள்முதலில் தொடங்குகிறது. எளிய மருந்துகள் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். 2012இல் வெளியான ‘சென்னைப் பிரகடனம்’, இந்தியாவுக்கு நடைமுறைக்கேற்ற மருந்துக் கொள்கை வேண்டும் என்று மருத்துவச் சங்கங்களை ஒருமித்துப் பேசவைத்தது. 2018இல் கேரளம் மாநில அளவில் செயல்திட்டம் வகுத்தது. நான்கு பிராந்தியங்களை மட்டுமே கொண்ட புதுச்சேரிக்கு அதன் சிறிய அளவே ஓர் அனுகூலம். அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாவற்றின் அறுவைத் துறைத் தலைவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேச முடிகிற மாநிலங்கள் இந்தியாவில் எத்தனை உண்டு?

நோயாளியும் கேட்கலாம்

வாசகர்களுக்கும் சில சொல்வேன். அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால், முந்தைய நாளும் அன்று காலையும் சோப்பு போட்டுக் குளியுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், புகைப்பதை நிறுத்துங்கள். வீட்டில் பிளேடால் மழித்துக்கொண்டு வராதீர்கள்; கண்ணுக்குத் தெரியாத கீறல்களே கிருமிகளின் நுழைவாயில். எந்த மருந்தாவது ஒவ்வாமல் போயிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்: எனக்குத் தடுப்பு ஊசி தேவையா? அதை எப்போது போடுவீர்கள்? எப்போது நிறுத்துவீர்கள்? நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். “ஊசியே போடாமல் அனுப்புகிறார்களே” என்று கவலையும் பட வேண்டாம். தைராய்டு கட்டி நீக்கம்போன்ற தூய்மையான சில அறுவைசிகிச்சைகளுக்குத் தடுப்பு மருந்து பொதுவாகத் தேவைப்படுவதே இல்லை. அதேநேரம், ஏற்கெனவே தொற்று இருந்து அதற்காக எழுதப்பட்ட மருந்தை, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. உங்களுக்குத் தரப்படுவது காக்கும் மருந்தா, தீர்க்கும் மருந்தா என்பதை மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீடு திரும்பியபின் காயத்தில் சிவப்பு, வீக்கம், நீர்வடிதல், காய்ச்சல் இருந்தால், மருந்துக்கடைக்குப் போகாமல் அறுவைசிகிச்சை செய்தவரிடமே போங்கள்.

அந்தக் கொத்தனாருக்குப் பின்னர் வேறொரு மருத்துவர் மறுபடியும் அறுவைசிகிச்சை செய்தார். அந்த முறை ஒரே ஓர் ஊசிதான், அரங்குக்குள், கத்திக்குச் சற்று முன். காயம் நன்றாக ஆறியது. ஒருவரின் அனுபவம் எதையும் நிரூபிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். நிரூபணங்களை மேலே சொல்லிவிட்டேன். என்னிடம் அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லாமல் தலை குனிந்து நின்றேன். இன்று சொல்ல முடிகிறது: “ஐந்து நாளும் போட்டோம் ஐயா. போட வேண்டிய நேரத்தில்தான் போடவில்லை.” இதை இன்னொரு நோயாளியிடம் இன்னொரு மருத்துவர் சொல்லும் நிலை வராதிருக்க வேண்டும்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், புதுச்சேரி.